ஐஸ் படாத மீன்

பிள்ளைப்பேறு பார்க்கப் போவது தாயின் வேலை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை. ஆனால் ரொறன்ரோவுக்குப் புறப்படப் பத்து நாள் இருக்கும்போது என் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து, முழங்கால் வரை மாக்கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். அங்கே எங்கள் மகள் கௌரிக்குத் தலைப்பிள்ளை. விசா இரண்டு பேருக்கும் இருந்தது. எழும்பி நடக்கக்கூடிய ஆள் நான் மட்டும்தான்.

"நீங்கள் போய் என்னத்தைச் செய்யப் போறியள்?" என்று சுன்னாகம் ஊரே கேட்டது.

"பத்தியம் வைக்கப் போறன்" என்றேன்.

சிரித்தார்கள். சிரிக்கட்டும். முப்பத்தைந்து வருடமாகச் சரக்கு அரைக்கிற மில் வைத்திருக்கிறவன் நான். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் மல்லி வறுபட்டது போதுமா, மிளகு கூடிவிட்டதா, வேர்க்கொம்புச் சுக்கு பழையதா என்று கண்ணை மூடிக்கொண்டு மணத்திலேயே சொல்லுவேன். பிள்ளை பெற்ற எத்தனை வீடுகளுக்கு என் மில்லில் இருந்து சரக்குத்தூள் போயிருக்கிறது! அரைத்துக் கொடுத்தவனுக்குக் காய்ச்சத் தெரியாமல் போகுமா?

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம் மருமகன் நிமலனின் வீடு. நான் போய் இறங்கி நாலாம் நாள் பேரன் பிறந்தான். முருகன் செயல். ஆஸ்பத்திரியால் வந்த அன்றே சாமி அலுமாரியின் கதவைச் சாத்திவிட்டார்கள், முப்பத்தொரு நாள் துடக்கு, பிள்ளைப்பேற்றுத் தீட்டு. கோயிலுக்கும் போக முடியாது. நான் குசினி ஜன்னலைப் பார்த்து நின்று தேவாரம் படிக்கப் பழகினேன். ஜன்னலுக்கு வெளியே மதில் உயரத்துக்குப் பனி கொட்டிக் கிடந்தது. கைகூப்புவதற்குச் சாமிப் படமென்ன, பனியென்ன.

வீட்டில் நிமலனின் தாயும் இருக்கிறா. கனடாவுக்கு வந்து முப்பது வருடம். நல்ல மனுசி, ஆனால் வாய் சும்மா இராது. நான் முதல்நாள் அடுப்படியில் நின்றதைக் கண்டதும், "சம்பந்தி, ஆம்பிளையள் வைக்கிற பத்தியம் பிள்ளைக்குச் சுவறுமோ? ரின்னிலை சூப் விக்குது. சூடாக்கிக் குடுத்தால் முடிஞ்சுது" என்றா.

"ரின்னிலை உங்கடை பேரனையும் வளர்க்கலாமோ?" என்று கேட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பத்தியக் கறியில் செத்தல் மிளகாய் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை. மல்லியும் மிளகும் சீரகமும் மஞ்சளும் வேர்க்கொம்பும் அரைத்த சரக்கு, நிறைய உள்ளிப்பூண்டு, கொஞ்சம் பழப்புளி, அதற்குள் நல்ல மீன். மீன்தான் முக்கியம். கிரந்தி மீன் கூடாது, அதாவது புண்ணைக் கிளப்பிவிடுகிற மீன் பிள்ளைபெற்ற உடம்புக்கு ஆகாது. இன்னொன்று, ஐஸ் மீன் கூடாது. அன்றைக்குப் பிடித்த மீன் அன்றைக்கே சட்டிக்குள் போக வேண்டும். என் மனைவி ஒவ்வொரு நாளும் போனில் சொல்லித் தந்த பாடம் இது. கட்டிலில் கிடந்தபடி அவள்தான் சமைத்தாள், கை மட்டும் என்னுடையது.

ஐஸ் படாத மீனுக்கு நான் ரொறன்ரோவில் எங்கே போவேன்?

ஒருநாள் பஸ் ஏறி அஜின்கோர்ட் பக்கம் போனேன். இறங்க வேண்டிய பிளாசா ஜன்னலால் தெரிந்தது. ஊர் பஸ் பழக்கதோஷத்தில் எழும்பி, "இறக்கம்!" என்று உரத்துச் சத்தம் போட்டேன். பஸ் நிற்கவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்சீட்டில் இருந்த ஒரு தங்கச்சி சிரித்துக்கொண்டே ஜன்னலோரம் தொங்கிய கயிற்றை இழுத்தாள். மணி அடித்தது.

"அங்கிள், இஞ்சை கத்தக் கூடாது, இழுக்கோணும்."

"நீ நல்லாயிருப்பாய் பிள்ளை" என்று இறங்கி, வந்த வழியே சறுக்கிச் சறுக்கி நடந்தேன்.

எங்கள் ஆட்களின் கடையில் விளைமீனும் ஒட்டியும் திரளியும் எல்லாம் இருந்தன, கல்லுப்போல. தட்டினால் 'டொக்' என்று கேட்டது. பக்கத்துச் சீனக் கடையில் கண்ணாடித் தொட்டிக்குள் உயிர்மீன் நீந்தியது. ஓடிப்போய் மனைவிக்கு வீடியோவில் காட்டினேன். "நிண்ட தண்ணியிலை தீன் போட்டு வளர்த்தது. என்ரை பிள்ளைக்கு வேண்டாம்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டாள். வேறு வழியில்லாமல் கல்லு மீனை வாங்கி வந்து காய்ச்சினேன்.

கௌரி ஒரு வாய் வைத்தாள். கண்ணால் தண்ணீர் வந்தது. "ஏலாதப்பா, வெடுக்கு மணக்குது" என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டாள். ஏழு நாளாகப் பாணும் தேத்தண்ணீரும்தான். பால் போதாமல் பிள்ளை கத்தினான். பார்க்க வந்த தாதி, "இப்போதைக்குப் போத்தல் பாலும் சேர்த்துக் கொடுங்கள். ஆனால் தாய் சாப்பிட வேண்டும், அதுதான் மருந்து" என்று சொன்னதாக நிமலன் தமிழில் சொன்னான். சம்பந்தி அம்மா போத்தலைக் கையில் எடுத்த நேரமெல்லாம் கௌரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அழுவது எனக்குத் தெரியக் கூடாதாம். முதுகு குலுங்குவது தெரியாமல் போகுமா?

அந்தக் கோபத்திலோ என்னவோ, காய்ச்சிய சரக்கின் சக்கையையும் கஞ்சியையும் அப்படியே சிங்க்குக்குள் ஊற்றினேன். ஊரில் வாழையடிக்கு ஊற்றுகிற பழக்கம். அடுத்தநாள் காலை சிங்க் நிரம்பி, குசினி முழுக்கத் தண்ணீர். சம்பந்தி அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

குழாய் திருத்த வந்தவர் றிஸ்வான். நாற்பத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு வெளியேறிப் புத்தளத்தில் வளர்ந்து, கனடாவுக்கு வந்தவராம். சிங்க்குக்குக் கீழே படுத்துக் குழாயைக் கழற்றினார். பழுப்புச் சேறு 'பொதக்' என்று வாளிக்குள் விழுந்தது. மனிதர் அதை மணந்து பார்த்தார்.

"இது பத்தியச் சரக்கெல்லோ! ஆரண்ணை, வீட்டிலை பிள்ளை பெத்திருக்கோ?"

"ஓம், என்ரை மகள்."

"சமையல் ஆர்?"

"நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு மறுபடி குழாய்க்குள் கையை விட்டார். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மனதில் கிடந்ததையெல்லாம் அவருடைய இரண்டு காலுக்கும் சொன்னேன், தலை சிங்க்குக்குக் கீழேதானே. ஐஸ் படாத மீன் இந்த நாட்டில் எங்கே கிடைக்கும் தம்பி என்று கேட்டேன்.

"ஐஸுக்குக் கீழை இருக்கண்ணை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வடக்கை ஒண்டரை மணித்தியாலம் போனால் சிம்கோ ஏரி. ஐஸிலை ஓட்டை போட்டுத் தூண்டில் விடுவம். வைற்ஃபிஷ் எண்டு ஒரு மீன். எங்கட வீட்டுக்காரிக்கு மூண்டு பிள்ளைக்கும் அதைத்தான் காய்ச்சிக் குடுத்தன். செவ்வாய் எனக்கு வேலை இல்லை, வாறியளோ? அதுக்குப் பிறகு சூடு வருதாம். ஐஸிலை கால் வைக்கேலாது."

செவ்வாய்! முருகனின் நாள். செவ்வாயும் வெள்ளியும் எனக்குச் சைவம். கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. மீனைத் தொட்டதும் இல்லை.

"வாறன்" என்றேன்.

றிஸ்வான் போனதும் சம்பந்தி அம்மா வாய் திறந்தா. "துடக்கு வீடு, செவ்வாய்க்கிழமை, நெத்தியிலை திருநீறு. மீன் பிடிக்கப் போறாராம்! வழுக்கி விழுந்தால் ஆர் தூக்கிறது? ஊரிலை ஒண்டு மாக்கட்டோடை கிடக்கிறது காணாதோ?"

"முருகனுக்கு நான் பதில் சொல்லுறன், சம்பந்தி. பசியோடை கிடக்கிற பிள்ளைக்கு நீங்கள் பதில் சொல்லுவியளோ?"

நிமலன் தன் பெரிய ஜாக்கெட்டையும் சப்பாத்தையும் எடுத்து என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனான். நல்ல பிள்ளை.

செவ்வாய் விடிய, திருநீறு பூசி, ஒன்றுக்குமேல் ஒன்றாக நாலு உடுப்புப் போட்டு, உருளைக்கிழங்கு மூட்டை போல வெளிக்கிட்டேன். கழுத்தில் என் பருத்திச் சால்வை. றிஸ்வான் தன் போனிலேயே எனக்கு மீன்பிடி லைசன்ஸ் எடுத்து வைத்திருந்தார். அவருடைய வேனில் போகும் வழியில் ஒரு கடையில் கோப்பியும் வட்டப் பணியாரமும் வாங்கித் தந்தார். அந்தப் பணியாரத்துக்கு நடுவில் ஓட்டை. இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஓட்டை போடுகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

ஏரிக்கு வந்து சேர்ந்தோம். மறுகரை தெரியவில்லை. வெள்ளை, வெள்ளை, அதற்கு அப்பால் வானம். தூரத்தில் மிளகு தூவியது போலக் கூடாரங்கள். றிஸ்வான் பனியில் ஓடுகிற மோட்டார் வண்டிக்குப் பின்னால் ஒரு சறுக்குப் பெட்டியைக் கட்டி, கூடாரம், வாளி, துளைபோடும் இயந்திரம், கடைசியாக என்னையும் ஏற்றினார்.

"கயிறைப் பிடிச்சிருங்கோ அண்ணை!"

பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மேட்டில் பெட்டி துள்ளியது. நான் பனியில் மல்லாக்கக் கிடந்தேன். வண்டி போய்க்கொண்டே இருந்தது. கத்தினேன், கேட்கவில்லை. இழுப்பதற்குக் கயிறும் இல்லை, மணியும் இல்லை. சுற்றிவர ஒரு மனிதன் இல்லாமல், தண்ணீருக்குமேல் அறுபத்திரண்டு வயதில் தனியே நின்றேன். பயத்தை அடக்க வாய்விட்டுத் தேவாரம் பாடினேன். பாடி முடிய முன்னம் றிஸ்வான் திரும்பி வந்தார்.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ! பாரம் குறைஞ்சது தெரியேல்லை."

"பத்து நாளா நானும் சரியாச் சாப்பிடேல்லை தம்பி, அதுதான்."

துளைபோடும் இயந்திரம் என் மில் மோட்டார் மாதிரியே இரைந்தது. அந்தச் சத்தம் காதுக்கு இதமாக இருந்தது. ஒரு முழம் கனத்த ஐஸ், அதற்குக் கீழே கறுப்புத் தண்ணீர். ஆழம் எழுபது அடியாம். கையில் தந்த தூண்டில் தடி அகப்பைக்காம்பை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். நூல் நுனியில் வெள்ளித் தகடு ஒன்று.

"அடி நிலத்திலை முட்டட்டும். சேறு கிளம்ப ரெண்டு தட்டு. பிறகு கொஞ்சம் தூக்கிவிட்டுச் சும்மா இருங்கோ. மெல்லிசாத்தான் கொத்தும்."

ஒரு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பிறகு தடியின் நுனி இலை விழுந்தது போல அசைந்தது. நான் ஒரே இழுவை! கனம் ஒன்று வந்தது, துடித்தது, போய்விட்டது. நூல் வெறுமனே மேலே வந்தது.

"அண்ணை, மில் பெல்ட்டையே இழுக்கிறியள்? அதுக்கு வாய் பூ மாதிரி. கிழிஞ்சு போகும்."

பக்கத்துக் கூடாரத்துக்காரர் ஒரு பெரிய வெள்ளைக்காரர். தாடி முழுக்க உறைபனி. எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். "உன் நண்பர் மீனோடு சண்டைக்கு நிற்கிறார்" என்றாராம். இன்னும் ஒரு மணித்தியாலம் போனதும் அவரே கூடாரத்தைச் சுருட்டினார். இன்றைக்கு மீன் வாய் திறக்காது, தான் வீட்டுக்குப் போகிறாராம். மிச்சமிருந்த சின்ன இரைமீன்களை எங்கள் வாளிக்குள் கொட்டிவிட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

"என்னண்ணை, நாங்களும் வெளிக்கிடுவமோ?" றிஸ்வான் கேட்டார். காற்று எழும்பியிருந்தது.

"நீங்கள் கரையிலை வேனுக்குள்ளை போய் இருங்கோ தம்பி. நான் பிடிச்சுக்கொண்டுதான் வருவன்."

அவர் போகவில்லை. கூடாரத்தின் மூலையில் பாயை விரித்துத் தொழுதார். நான் ஓட்டையைப் பார்த்தபடி என் ஆளோடு பேசினேன். "முருகா, இன்று உன் நாள் என்று எனக்குத் தெரியும். மறந்து வரவில்லை, தெரிந்துதான் வந்தேன். கோபமென்றால் என்னோடு வைத்துக்கொள். நீயும் தாய்ப்பால் குடித்தவன்தானே!" கெஞ்சவில்லை. கணக்காகத்தான் சொன்னேன்.

நுனி அசைந்தது. இந்தமுறை நான் இழுக்கவில்லை. அரித்தட்டில் மா அரிப்பது போல, ஆட்டம் கெடாமல், மெதுவாக, மெதுவாகச் சுற்றினேன். எழுபது அடி. இவ்வளவு நீளமான எழுபது அடியை நான் கண்டதில்லை. றிஸ்வான் ஓட்டையடியில் குந்திக்கொண்டார். கறுப்புத் தண்ணீருக்குள் ஒரு வெள்ளை மின்னியது. அவர் முழங்கையளவும் கையை விட்டு ஒரே அள்ளு!

வெள்ளிப் பாளம் போல ஒரு மீன், மூன்று கிலோ வரும். அவர் பழக்கத்தில் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, வெளியே பனியில் எறிந்தார்.

"ஐயோ தம்பி, ஐஸிலை போடாதையுங்கோ!" பாய்ந்து விழுந்து மீனைத் தூக்கினேன். "அதுக்குத்தானே இவ்வளவு பாடு!"

அவர் என்னைப் பார்த்தார், பனியைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாளித் தண்ணீரில் உயிரோடு கொண்டுபோயிருக்கலாமே என்றேன். அதற்குச் சட்டம் விடாதாம். பனியில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் கல்லாகிவிடும். சால்வையை எடுத்து மீனைச் சுற்றினேன். ஜாக்கெட்டைத் திறந்து வயிற்றோடு அணைத்துப் பூட்டினேன். செவ்வாய்க்கிழமை, நெற்றியில் திருநீறு, மடியில் மீன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

கரைக்கு வந்து வேனுக்குள் ஏறியதும், கமக்கட்டுக்குள் சூடாக வைத்திருந்த போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டேன். அங்கே நடுச்சாமம் ஆகப் போகிற நேரம்.

"இஞ்சாருங்கோ, வாயைத் திறந்து காட்டுங்கோ" என்றாள்.

நான் என் வாயைத் திறந்தேன்.

"உங்கடை இல்லை, மீன்ரை!"

காட்டினேன். சின்ன வாய். செவுளைத் தூக்கச் சொன்னாள், சிவப்பு. செதிலைச் சுரண்டச் சொன்னாள். "திரளியின்ரை சாயல் கிடக்கு. ஆனால் குளத்து மீனெல்லோ?"

"குளமோ? மறுகரை தெரியேல்லை! கடல் எண்டே வையும்."

"கிரந்தி எண்டால் என்ன செய்யிறது?"

றிஸ்வான் ஓட்டிக்கொண்டே குரல் கொடுத்தார். "அக்கா, எங்கட வீட்டிலை மூண்டு பேறுக்கும் இதுதான். ஒரு குறையும் வரேல்லை."

"மூண்டு பெத்தவ சாப்பிட்டிருந்தால் சரி. உள்ளியைக் கூடப் போடுங்கோ" என்று தீர்ப்புச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கராஜில் பேப்பர் விரித்து மீனை வெட்டினேன். சம்பந்தி அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு வாசலில் நின்றா. ஆனால் உள்ளே போகவில்லை. தலையையும் நடு முறிகளையும் எடுத்து, சரக்கைக் கரைத்து, உள்ளியை முழுசு முழுசாகப் போட்டு அடுப்பில் ஏற்றினேன். செவ்வாய் விரதம், வாயில் வைத்துப் பார்க்க முடியாது. உப்பு எவ்வளவு? மூக்கை நம்பினேன். மிளகு அடங்கி, மல்லி மேலே வந்து, மீன் மணம் கறியோடு கலந்த நேரம் இறக்கினேன்.

கௌரிக்கு முன்னால் சோறும் கறியும் வைத்தேன். அவள் கோப்பையைப் பார்த்தாள். என் உரிந்த மூக்கையும் வெடித்த உதட்டையும் பார்த்தாள். ஒரு வாய் வைத்தாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உப்புக் காணாதப்பா" என்றாள்.

பிறகு இன்னொரு வாய். சரக்குத் தண்ணீரைச் சோற்றில் விட்டுப் பிசைந்து இன்னொரு வாய். "முள்ளைப் பார், ஆறுதலாச் சாப்பிடு" என்றேன். அவள் கேட்கவில்லை. தலையை எடுத்து உறிஞ்சினாள். நெற்றியில் வியர்வை பூத்தது. கோப்பையை நீட்டினாள்.

"இன்னும் கிடக்கோ?"

"ரெண்டு நாளைக்குக் கிடக்கு" என்றேன்.

அந்த நேரம் பார்த்துத் தொட்டிலில் பேரன் தொடங்கினான். வீடு அதிரக் கத்தினான். சம்பந்தி அம்மா போத்தலோடு வந்தா. கௌரி கையைக் கழுவிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"போத்தலை வையுங்கோ மாமி. பிள்ளையைத் தாங்கோ."

சம்பந்தி அம்மா போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினா. என்னைப் பார்த்து, "வெளியிலை நில்லுங்கோ சம்பந்தி. உந்த வேலையெண்டாலும் எங்களுக்கு விடுங்கோ" என்றா.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே கத்தல் கூடியது. விம்மலாகியது. மறுபடி கூடியது. நான் கைகூப்பவும் இல்லை, இருக்கவும் இல்லை. போன் அடித்தது. ஊரில் இன்னும் விடியவில்லை, அவள் நித்திரை கொள்ளவே இல்லை.

"என்னவாம், சாப்பிட்டாளோ? கிரந்தி ஒண்டும் இல்லையே? ஏன் பேசாமல் நிக்கிறியள்?"

கதவில் காதை வைத்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"கத்தாதையும்" என்றேன். "பிள்ளை குடிக்குது."